மலைக்குப் பின்னால் ஒரு கிராம சபை

மே தினத்தன்று அதிகாலையில் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். செஞ்சிக் கோட்டையைக் கடக்கும்போதே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை தெரிய, பக்கத்து இருக்கைப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். நான் திருவண்ணாமலைக்குப் போனது கோயிலுக்காக அல்ல, கலைச்செல்வியைப் பார்க்க.

கல்யாணத்துக்கு முன் கலைச்செல்வி தாம்பரம் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். இப்போது கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் கணவர் ஏழுமலையோடு டிபன் கடை நடத்துகிறாள். ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். "பௌர்ணமிக்கு வந்தா என் மூஞ்சியக்கூடப் பாக்க முடியாதுக்கா. மே தினத்துக்கு வாங்க" என்று சொல்லியிருந்தாள்.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு அங்க கிராம சபை ஆச்சே. ஊரை டவுனோட சேக்கறதா வேணாமானு பெரிய சண்டையாம்."

"நீங்க எந்தப் பக்கம்?"

"சேத்தா டவுன் பஸ்ஸு ஜாஸ்தி விடுவாங்க. எனக்கு சவாரி கம்மி ஆயிடும். நான் எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க" என்று சிரித்தார்.

கடை வாசலில் கழிவுநீர் குட்டையாகத் தேங்கி, அதன் மேல் ஒரு பலகை போட்டிருந்தது. அதில் கால் வைத்து உள்ளே போனேன். ஏழுமலை இட்லி வைத்தார், கலைச்செல்வி சட்னி ஊற்றினாள். இருவரும் என்னிடம் பேசினார்கள், ஒருவரோடொருவர் பேசவில்லை.

ஏழுமலை தண்ணீர் பிடிக்கப் போன சமயத்தில் அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு நாளா பேச்சு இல்லக்கா. அவரு சேரணும்ங்கறாரு. நான் கூடாதுங்கறேன். மாநகராட்சி ஆயிட்டா நூறு நாள் வேலை கிடையாது. பௌர்ணமி வியாபாரம் மாசத்துல ரெண்டு நாளு. மிச்ச நாளுக்கு எனக்கு அந்த வேலைதானே?"

திரும்பி வந்த ஏழுமலை காதில் கடைசி வார்த்தைகள் விழுந்திருக்க வேண்டும். "அந்தக் குட்டையப் பாத்தீங்க இல்ல? எத்தினி வருசமா கேக்கறோம். பஞ்சாயத்துல காசு இல்லனு ஒரே பாட்டு. டவுனோட சேந்தாதான் சாக்கடை வரும்" என்றார், என்னைப் பார்த்தபடியே.

பதினோரு மணிக்குப் பஞ்சாயத்து அலுவலகத்தின் முன்னால் சாமியானாவுக்கடியில் கூட்டம் தொடங்கியது. பெண்கள் ஒரு பக்கம் தரையில், ஆண்கள் மறுபக்கம் நாற்காலியில். தலைவரம்மா வரவு செலவைப் படித்து முடிக்கும்வரை யாரும் கவனிக்கவில்லை. 'இணைப்பு' என்ற சொல் வந்ததும் சலசலப்பு அடங்கியது.

ஏழுமலைதான் முதலில் எழுந்தார். சாக்கடை, தெருவிளக்கு, பௌர்ணமி மறுநாள் மலைபோலக் குவியும் குப்பை எனப் பொறுமையாகச் சொன்னார். "நாம படற அவதி போதும். நம்ம பசங்களாவது நல்ல தெருவுல நடக்கட்டும்." ஆண்கள் பக்கம் கைதட்டல்.

அடுத்து கலைச்செல்வி எழுந்தாள். நூறு நாள் வேலையைச் சொன்னாள், வீட்டு வரியைச் சொன்னாள். பிறகு சற்று நின்று, "எல்லாத்துக்கும் மேல, இங்க எழுந்து நின்னு தலைவரம்மாவக் கேக்கறேன். அவங்க பதில் சொல்லித்தான் ஆவணும். டவுன்ல யாரப் போய்க் கேக்கறது?" என்றாள்.

"அங்க மட்டும் ஆளு இல்லியா? கவுன்சிலர் இருப்பாரு" என்றார் ஏழுமலை. இரண்டு நாளில் மனைவியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"இதோ எங்க அக்கா தாம்பரத்துலேர்ந்து வந்திருக்காங்க. அவங்க ஏரியாவும் பஞ்சாயத்தா இருந்து சேத்ததுதான். அவங்களக் கேளுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வெளியூர்க்காரங்க பேசக் கூடாது!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "ஓட்டா போடப் போறாங்க? நடந்ததச் சொல்லட்டுமே" என்றார் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜாபர் பாய். என்னைப் பேச விடலாமா என்பதிலேயே ஒரு வாக்குவாதம் நடந்து, கடைசியில் தலைவரம்மா கையைக் காட்டினார்.

நான் எழுந்தேன். எங்கள் தெருவுக்குச் சாக்கடை வந்ததைச் சொன்னேன். குப்பை வண்டி தினமும் வருகிறது. வரி கூடியிருக்கிறது.

"உங்க கவுன்சிலர் யாருங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. "அதான் சாக்கடை வந்துச்சு இல்ல, பேரு எதுக்கு?" என்று ஆண்கள் பக்கமிருந்து பதில் வந்தது. என் வாக்குமூலத்தை இரு தரப்பும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். சேரலாம் என்பதற்கு ஏழுமலையின் கை முதலில் உயர்ந்தது. வேண்டாம் என்பதற்கு உயர்ந்த கைகள்தான் அதிகம், பெரும்பாலும் வளையல் கைகள். 'இணைக்க வேண்டாம்' என்று செயலர் தீர்மானம் எழுதினார். ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப எழுந்தார். ஜனங்களும் கலைய ஆரம்பித்தார்கள்.

கலைச்செல்வி மட்டும் நகரவில்லை. "இன்னொரு தீர்மானம் எழுதணும். டவுனு வந்து கட்டும்னு இனிமே சொல்ல முடியாது. அப்ப நாமதான் கட்டணும். கடைத்தெரு சாக்கடை, இந்த வருசத்துல முதல் வேலையா. எழுதுங்க."

"நிதி வரட்டும்மா, பாக்கலாம்" என்றார் தலைவரம்மா.

"பாக்கலாம்லாம் வேணாம். எழுதுங்க."

செயலர் பேனாவை எடுத்துக்கொண்டு, யார் வழிமொழிகிறார்கள் என்று கேட்டார். சாமியானாவின் ஓரம்வரை போயிருந்த ஏழுமலை திரும்பி நின்றார்.

"நான் வழிமொழியறேன். ஏழுமலை. டிபன் கடை."

சாயங்காலம் அவர்தான் என்னை வண்டியில் பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். வருத்தமா என்று கேட்டேன். "வருத்தம்தாங்க. அவ சொன்னது சரினு இப்பவும் எனக்குத் தோணல. மேல இருக்கறவங்க இந்தத் தீர்மானத்த மதிப்பாங்களானும் தெரியல. ஆனா சாக்கடைய எழுத வெச்சுட்டா பாருங்க. எனக்கு அது தோணவே இல்ல" என்றார்.

திண்டிவனம் வரும்வரை கூட்டத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதியைச் சேர்த்தபோது நான் அதைச் செய்தித்தாளில்தான் படித்தேன். சாக்கடை வந்தது நல்லதுதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் என் தெருவைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று நாலு பேர் முன்னால் யாரும் என்னைக் கேட்டதில்லை. ஓட்டுகூட இல்லாத ஒரு ஊரில், நான் பேசலாமா கூடாதா என்று அன்று மத்தியானம் ஒரு சண்டையே நடந்தது.