பட்டனை அமுக்காத ஆள்

லிஃப்ட்டில் ஏறியதும் முதல் வேலையாக உள்ளங்கையைக் கதவில் வைத்துப் பார்ப்பார். அதிர்வு கைக்கு வந்து சேர்ந்ததும், "ரோலர் தேஞ்சு போச்சு, ஒருத்தனும் பார்க்கல" என்று யாரிடமென்று இல்லாமல் சொல்வார். பக்கத்தில் நிற்பவர்கள் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வார்கள். அதை அவர் கவனித்ததே இல்லை.

பதினெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மனைவி வீட்டில் 'லிஃப்ட்டு மாப்பிள்ளை' என்றுதான் பேர். வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது, பேர் மட்டும் போகவில்லை. இப்போது வீடியோ கேம் செய்கிறார். ஆமாம், நாற்பத்து நாலு வயதில், பாதித் தலை நரைத்த பிறகு, வீடியோ கேம்! சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்ல மனைவி படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. "ஏதோ கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டு உடனே எதிராளியின் பல்லைப் பற்றி விசாரிப்பார். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவர், அதனால் அந்தப் பேச்சு ஒட்டிக்கொள்ளும்.

கேம் இதுதான். பழைய பன்னிரண்டு மாடிக் கட்டடம். ஆடுகிறவர்தான் மெக்கானிக், டூல் பையோடு லிஃப்ட்டின் ஓரத்தில் நிற்கிறார். ஆட்கள் ஏறுவார்கள், பட்டனை அமுக்குவார்கள், அவர்கள் மாடி வரும்வரை மனதில் உள்ளதைப் பேசுவார்கள். நாம் என்ன பதில் சொன்னோமோ அதற்குத் தக்கபடி மறுமுறை ஏறும்போது முகம் காட்டுவார்கள். சுடுவது கிடையாது, துரத்துவது கிடையாது. முகங்களை மச்சினி வரைந்து கொடுக்கிறாள். மற்றதெல்லாம் இவரே, மெஷின் ரூமில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஏழாவது மாடியில் ஒரு ஆள் ஏறுவார். எந்தப் பட்டனையும் அமுக்க மாட்டார். சும்மா நிற்பார். நாமும் சும்மா நிற்க வேண்டும். "எந்த மாடி?" என்று கேட்டால் போச்சு, இறங்கிவிடுவார், அப்புறம் கேம் முடியும்வரை வரவே மாட்டார். முழுசாக இரண்டு நிமிஷம் பொறுத்தால் மட்டும் வாயைத் திறப்பார்.

அப்படி ஒருவரை இவர் நிஜமாகவே ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் பார்த்திருக்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் ஒரு ஜோடி பெண் செருப்பு. "எந்த மாடி சார்?" என்று இவர் கேட்டதும் அந்த ஆள் திடுக்கிட்டு, "மன்னிச்சுக்கோங்க" என்று இறங்கிப் போய்விட்டார். "கேக்காமலே இருந்திருக்கலாம். அன்னைக்கு எனக்கு என்ன தலைபோற அவசரம்?" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

மனைவிக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. "ஏங்க, ஏதாவது ஒரு நம்பரை அமுக்கித் தொலைக்கச் சொல்லுங்க அவரை. எனக்குக் கை பரபரங்குது." மனைவியும் எத்தனையோ தடவை ஆடிப் பார்த்துவிட்டார். ஒரு தடவைகூட அவரால் அந்த இரண்டு நிமிஷத்தைத் தாண்ட முடிந்ததில்லை.

கேமை முடிக்க இன்னும் ஒரு வருஷம் வேண்டும், அதற்கு யாராவது பணம் போட வேண்டும். போடுகிறேன் என்று வந்தவர்களுக்குக் குறைச்சல் இல்லை, ஆளுக்கொரு நிபந்தனையோடு வந்தார்கள். ஒருவர் துப்பாக்கி இல்லாமல் விலை போகாது என்றார். ஒருவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரச் சொன்னார். இன்னொருவருக்கு நாலு பேர் சேர்ந்து ஆடியாக வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டு வரலாம் இல்லையா? அதுதான் இவருக்கு வராது. "கம்ப்ளெயின்ட்னு வந்துட்டா அட்டெண்ட் பண்ணணுமா இல்லையா?" பதினெட்டு வருஷப் பழக்கம். ஒவ்வொருவர் சொன்னபடியும் ஒரு கேம் செய்து, தனித்தனி பென் டிரைவில் போட்டு, அடையாளத்துக்கு நூல் கட்டிவிட்டார். சிவப்பு நூல் துப்பாக்கி, பச்சை கணக்கு, நீலம் நாலு பேர். முதலில் செய்ததற்கு நூல் கிடையாது. பச்சையில் செய்த திருத்தத்தை நீலத்தில் தேடுவார், சிவப்பை நீலம் என்று நினைத்து அரை நாள் உழைப்பார். கடைசியில் தலையைப் பிடித்துக்கொண்டு, "நான் எதைப் பண்ண வந்தேன்னே தெரியல" என்பார்.

பழைய சூப்பர்வைசர் அவருக்காகக் கம்பெனியில் ஒரு வேலையை வெள்ளிக்கிழமைவரை பிடித்து வைத்திருந்தார். அதற்குள் பணம் கிடைக்காவிட்டால் மறுபடியும் லிஃப்ட் வேலைக்கே போய்விடுவதாக இவர் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை மதியம் ஒரு பெரிய அலுவலகத்தின் நாலாவது மாடியில் கடைசி முயற்சி. மனைவி சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்குள் கிளினிக் திரும்ப வேண்டும்.

உள்ளே நிதி ஒதுக்கும் மேடம். இவர் பச்சையைச் செருகினார். திரையில் மூன்றாம் மாடி டீச்சரம்மா லிஃப்ட்டில் ஏறி, கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து நீட்டி, "ஏழெட்டு எவ்வளவு?" என்றார்.

"இது... பிள்ளைங்களுக்கா சார்?"

இவருக்கு வியர்த்துவிட்டது. எப்போது சிவப்பு பச்சைக்குள் போனது? அவசரமாக நீலத்தைப் போட்டார். நாலு மெக்கானிக்குகள் லிஃப்ட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள், ஏற வந்த பயணிக்கு இடமில்லை. மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேஜையிலிருந்த நூல் கட்டாத டிரைவைக் காட்டினார்.

"இது யாருக்குப் பண்ணது?"

"அது... யாருக்குன்னு இல்ல மேடம்."

அதைத்தான் மேடம் ஆடினார். போனை எடுக்கவில்லை, வந்த ஃபைலைப் பார்க்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தார். ஏழாவது மாடி ஆள் ஏறினார். பத்து நொடி போனது, இருபது நொடி போனது. "ஹேங் ஆயிடுச்சா சார்?" என்றார் மேடம். இவர் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். மேடம் "எந்த மாடி?" என்ற கேள்வியை அமுக்கினார். அந்த ஆள் தலையைக் குனிந்தபடி இறங்கிப் போனார்.

"சார், இதுக்கு நாங்க தர்றோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒண்ணு எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்த ஆளை எடுத்துடுங்க. கேம் நின்னு போச்சுன்னு ஆடுறவங்க மூடிட்டுப் போயிடுவாங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பேப்பர் ரெடி பண்ணிடறேன்."

'அட்டெண்ட் பண்ணிடலாம் மேடம்' என்பது தொண்டைவரை வந்து நின்றது. எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"தர்றாங்களாம்."

"கடவுளே! அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"அந்த ஆளை எடுக்கணுமாம்."

எந்த ஆள் என்று மனைவி கேட்கவில்லை. இருவரும் லிஃப்ட்டுக்கு நடந்தார்கள். "ஒரே ஒரு ஆளு, ரெண்டு நிமிஷம். எடுத்துட்டா வருஷம் பூரா கவலை இல்ல. எடுக்கலைன்னா திங்கட்கிழமை யூனிஃபார்ம். இதுல யோசிக்க என்ன இருக்கு சொல்லு?" என்றார் இவர். கொஞ்சம் கழித்து, "ஒண்ணும் புரியலம்மா" என்றார்.

லிஃப்ட் வந்தது. ஏறினார்கள். இன்றைக்கு அவர் கதவில் கை வைத்துப் பார்க்கவில்லை. நூல் கட்டாத டிரைவை உள்ளங்கையில் மூடிக்கொண்டு அப்படியே நின்றார். கதவு சாத்திக்கொண்டது.

மணி இரண்டாக இன்னும் ஏழு நிமிஷம். மனைவியின் விரல் கீழ்த்தள பட்டனுக்குக் கிட்டே போய்விட்டது. கணவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டு, கைப்பையை மறு தோளுக்கு மாற்றிப் போட்டு, ஒன்றும் கேட்காமல் அவர் பக்கத்தில் நின்றார்.