எல்லா பாட்டிலிலும் சர்க்கரை

அன்றைக்கு அந்த இல்லத்தில் வரிசையில் நின்ற அத்தனை பெண் பிள்ளைகளுக்கும் சர்க்கரை நோய் என்று வந்தது. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் செங்கல்பட்டில் அரசாங்க நர்ஸ். ஏதாவது வழக்கில் மாட்டிக்கொண்ட பெண் பிள்ளைகளை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம் ஒன்றுக்கு, அணுபுரத்திலிருந்து வரும் இளம் டாக்டரம்மாவோடு மாதாமாதம் போவேன். எடை, கண், பல், சிறுநீர் எல்லாம் பார்ப்போம். போனதும் ஆளுக்கொரு சின்ன பாட்டில் கொடுப்பேன். கழிவறைக்குள் எட்டிப் பார்க்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அந்த மரியாதையாவது அதுகளுக்கு மிஞ்சட்டுமே.

ஆனால் அங்கே ஒருத்திக்கும் ஒரு நோயும் இருக்காது. ஈறு வீங்கிக் கன்னம் பன்னு மாதிரி ஆகியிருக்கிறவளும், "நல்லா கீறேன் சிஸ்டர்" என்பாள். வாயைத் திற என்றால் திறக்க மாட்டாள். அழுத்தம் என்றால் அப்படி ஒரு அழுத்தம்.

அன்றைக்கு முதல் பாட்டிலில் பரிசோதனைப் பட்டையை முக்கினேன். நீலமாக இருந்தது பழுப்பாகிவிட்டது. ஏகப்பட்ட சர்க்கரை. அடப்பாவமே, இந்த வயசிலா என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டிலும் பழுப்பு. மூன்றாவதும். பட்டை கெட்டுப்போய்விட்டதோ என்று என் குடிதண்ணீரில் ஒன்றை முக்கிப் பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. அப்புறம்தான் பாட்டில்களைத் தொட்டுப் பார்த்தேன். இப்போதுதான் போய்விட்டு வந்தோம் என்றார்கள். எல்லாம் சில்லென்று ஆறிப்போய் இருந்தன.

"யாருதுடி இது?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வராந்தா முழுக்கக் கேட்கும். எல்லோரிலும் சின்னவள் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பிடித்தேன்.

"நோவு கீதுன்னு தெரிஞ்சா வூட்டுக்கு வுட மாட்டாங்க சிஸ்டர். அதான் காலைலயே ஒரு அக்காவாண்ட மக்குல வாங்கி வெச்சிக்கினு, எல்லாரும் ஊத்திக்கினோம்."

முன்பு எப்போதோ ஒருத்திக்கு அம்மை போட்டு, வீட்டுக்குப் போகும் நாள் தள்ளிப்போயிருக்கிறது. அதிலிருந்து அங்கே இது சட்டமாகிவிட்டது. ஒருத்தி போனாலும் அடுத்து வருகிறவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போவாளாம்.

"அந்த அக்காகிட்ட மட்டும் ஏன் வாங்கினீங்க?"

"அதுக்கு ஒடம்பு ஸ்ட்ராங்கு சிஸ்டர். மூணு தட்டு சோறு துன்னும். குடம் குடமா தண்ணி குடிக்கும். அதுவும் இல்லாம, எப்ப கேட்டாலும் வரும்."

எப்போது கேட்டாலும் வருமாம். டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அந்தப் பெண் எங்கள் வரிசையிலேயே இல்லை. ஜாமீன் கிடைத்து அன்றைக்கு வீட்டுக்குப் போகிறவள். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அவளுடைய அப்பா வண்டியோடு வாசலில் நின்றார். பையை மாட்டிக்கொண்டு கேட்டருகே போய்விட்டாள். சுடிதார் இளைத்த தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. என் உடம்புக்கு ஓட்டமெல்லாம் ஆகாது. ஆனாலும் ஓடினேன்.

விரலில் குத்திப் பார்த்தோம். கருவி எண்ணே காட்டவில்லை. அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. இப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் எங்காவது மயங்கி விழுந்திருப்பாள். உயிருக்கே உத்தரவாதம் இல்லை.

அவள் விரலைப் பார்க்கவில்லை, கேட்டைத்தான் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். நைனா நின்னுகினு கீது, வுட்ருங்க" என்று அழுதாள். ஜன்னல் கம்பியில் பிள்ளைகள் எல்லோரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நம்மால்தானே மாட்டிக்கொண்டாள் என்று சின்னவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். சற்று முன்பு சிரித்தவள்.

டாக்டரம்மா அவளுடைய கையை விடவில்லை. "நோய் இருந்தா ஜாமீன் ரத்தாகாதும்மா. நீ இப்பவே வெளியதான் போற. நேரா ஆஸ்பத்திரிக்கு, உங்கப்பாவோட. சரியானதும் அங்கேருந்தே வீட்டுக்கு." இல்லத்துக் கண்காணிப்பாளரும் ஆமாம் என்றார். அவள் யாரையும் நம்பவில்லை. "நெசமா நைனா?" என்று அப்பாவைத்தான் கேட்டாள்.

"வாம்மா. நம்ம வண்டில தான போறோம்" என்றார் அவர்.

நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் ஆட்கள் கை காட்டினார்கள். ஒரு ஷேர் ஆட்டோ யாருக்கும் நிற்காமல் போனதை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் தேறிவிட்டாள். இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "வூட்டுக்குத்தான் போனேன்னு அதுங்களாண்ட சொல்லிடுங்க சிஸ்டர்" என்றாள்.

அடுத்த மாதம் போய்ச் சொன்னேன்.

"நெசமாவே வூட்லயா கீது?" என்று சின்னவள் கேட்டாள்.

"வூட்லதான்."

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா."

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கன்னம் வீங்கியவள் முன்னால் வந்து ஆவென்று வாயைத் திறந்தாள். "உயிரு போவுது சிஸ்டர்." பின்னால் இன்னொருத்திக்குத் தலைசுற்றல், ஒருத்திக்கு மாதவிலக்கு வந்தே மூன்று மாதமாம். டாக்டரம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே இல்லை.

சின்னவள் பாட்டிலோடு உள்ளே ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். "இது என்னுது" என்று என் கையில் வைத்தாள். பாட்டில் சூடாக இருந்தது.