சாட்சி சொன்னவர் சாப்பிட்ட மாத்திரை

ஓமானில், ரூவியில் நாங்கள் இருந்த கட்டடத்தின் லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு விசிலடித்தபடி மாடி ஏறுகிற என் வீட்டு மனுஷன், ஒரு நாள் வெறும் தயிர் டப்பாவோடு படியில் உட்கார்ந்துவிட்டார். நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, வயசாகிவிட்டது உங்களுக்கு என்று கேலி செய்தேன். சிரிக்கக்கூட அவருக்கு மூச்சு வரவில்லை.

என் கணவர் எட்வின் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம். மகள் பிளெஸ்ஸி அப்போது சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தயிர் டப்பா நாளுக்குப் பிறகு அவரால் நிமிர்ந்து படுக்க முடியவில்லை. தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்கினார். இருமினால் சளியில் ரத்தம் தெரிந்தது. அப்பொழுதும் ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சாதித்தார். ஆம்பளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதைவிட ஆட்டைக் குளிப்பாட்டிவிடலாம்.

மருத்துவர் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) எடுத்துப் பார்த்தார். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய மைட்ரல் வால்வை (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே திறந்து மூடும் கதவு) கெடுத்திருந்தது. ஊருக்குப் போய் அறுவை செய்து உலோக வால்வு பொருத்திக்கொண்டு திரும்பினோம். ஆயுசு முழுக்க வார்ஃபரின் (ரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிட வேண்டும், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை) பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் உங்களுக்கே தெரியும். முகம் மழிக்கும்போது சின்னக் கீறல் விழுந்தாலும் நமக்குக் குலை நடுங்கும். ஒரு வாரம் கீரை கூடினால் மாத்திரை வேலை செய்யாது. முருங்கைக்கீரை என்றால் உயிரை விடுகிறவருக்குத் தட்டில் அளந்து வைக்க வேண்டியிருந்தது.

அப்படியே ஓடியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

வளைகுடாவில் எங்களுக்கு ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை. ஞாயிறு எல்லாரும் டூட்டியில் இருப்பார்கள். ஒரே வளாகத்துக்குள் மலையாளிகள், தெலுங்கர்கள், பிலிப்பினோக்கள், நாங்கள் என்று மணி பிரித்துக்கொண்டு ஆராதனை நடத்துவோம். எங்கள் நேரம் முடிவதற்குள் பிலிப்பினோக்கள் வாசலில் கிதாருக்குச் சுருதி சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பாட்டு, பிரசங்கம் எதைக் குறைத்தாலும் சாட்சி நேரத்தை மட்டும் குறைக்கமாட்டோம். விசா கிடைத்தது, அம்மாவுக்குச் சுகமானது என்று ஒவ்வொருவராக மைக் பிடித்து ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்வார்கள். தொழிலாளர் கேம்ப்பில் தனியாகக் கிடக்கிற பையன்களுக்கு அதுதான் அந்த வாரத்துச் சாப்பாடு.

ஊரிலிருந்து ஒரு ஊழியக்காரர் பிரசங்கம் செய்ய வந்திருந்தார். எட்வின் தலையில் கை வைத்து ஜெபித்தார். நெஞ்சுக்குள் அனல்போல் இறங்கியது என்று இவர் சொன்னார். நான் அதைப் பொய் என்று இன்றுவரை சொல்லமாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை எட்வின் மைக்கைப் பிடித்து, ஆண்டவர் தனக்குப் பூரண சுகம் தந்துவிட்டார், இனி மாத்திரை தேவையில்லை என்று சாட்சி சொன்னார். சபையே அல்லேலூயா என்றது. நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அக்கா என் கையைப் பிடித்து, கொடுத்து வைத்தவள் நீ என்றார்.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். விசுவாசம் இல்லாமல் பேசாதே என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டார். மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலந்துவிடலாமா என்று அடுப்படியில் நின்று யோசித்திருக்கிறேன். பரிசோதனைக்கு வராத ஆளுக்கு எந்த அளவென்று கலப்பது? கூடிப்போனால் ரத்தம் நிற்காதே. பாவத்துக்கு இழுக்கிற சோதனை என்றால் குடி, சிகரெட்டு, அடுத்தவன் காசு என்றுதான் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஜெபத்தின் உருவத்திலேயே அது வீட்டுக்குள் வரும் என்று யாரும் சொல்லவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுவேன். ஆண்டவரே, இவரிடம் நீரே பேசும், என் பேச்சு எடுபடவில்லை என்பதுதான் என் ஜெபம்.

சில வாரம் கழித்து, மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து சோறு சரிந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி சரிந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்ததே தவிர வார்த்தை உருவாகவில்லை. பிளெஸ்ஸி, "டாடி, ஸ்டாப் இட்" என்று சிரித்தாள். அவர் விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டாள்.

டாக்சியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். வால்வில் சேர்ந்த ரத்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருந்தது. பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் தடைபடுவது) என்றார் ஓமானி மருத்துவர். மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று ஹிந்தியில் கேட்டார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் உள்ளதைச் சொன்னேன். அவர் எங்களை ஏளனம் செய்யவில்லை. ஹெபாரின் (ரத்தம் உறைவதை உடனே தடுக்கும் ஊசி மருந்து) ஏற்றச் சொல்லிவிட்டு, என் தோளருகே நின்று, இனி ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார்.

கையில் பிடி திரும்பியது. பேச்சும் திக்கித் திக்கி வந்தது. பேச்சு திரும்புகிற காலத்தில் நோயாளியோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர்கள் தேடுகிற வார்த்தையை அவசரப்பட்டு நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தப் பொறுமை எனக்குச் சுத்தமாகக் கிடையாது. நாக்கைக் கடித்துக்கொண்டு கற்றேன்.

மாத்திரையை மறுபடி தொடங்கும் நாள் வந்தது. நர்ஸ் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். அவர் எடுக்கவில்லை.

"சபைக்கு முன்னால... சொல்லிட்டேன் மேரி. இப்ப போட்டா... ஆண்டவர் பேரு கெட்டுப்போவும்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். கத்தத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"ஆண்டவர் பேர அவரு பாத்துக்கிடுவாரு. நீங்க காப்பாத்தப் பாக்கது உங்க பேர. எனக்கு நீங்க வேணும். பிளெஸ்ஸிக்கு அப்பா வேணும். இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது, ஜெபித்தார் போலிருக்கிறது. பிறகு கிண்ணத்தைத் தானே எடுத்து மாத்திரையை விழுங்கினார். தண்ணீர் பாதி சட்டையில் கொட்டியது. துண்டால் துடைத்துவிடும்போது என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படிச் செய்தவரில்லை.

சபையை நடத்துகிற பொன்ராஜ் அண்ணன் பார்க்க வந்தார். நல்ல மனுஷர், பிளெஸ்ஸியைப் பள்ளியில் கொண்டுவிட்டு அழைத்து வந்ததெல்லாம் அவர் வீட்டார்தான். மாத்திரை விஷயத்தைச் சபையில் சொல்லவேண்டும் என்று எட்வின் கேட்டபோது, அவர் தயங்கினார். புதிதாக வந்தவர்களின் விசுவாசம் ஆடிப்போகும், வீட்டோடு இருக்கட்டும் என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. மறுபடி சபை முன்னால் போய் நிற்க எங்களுக்கென்ன மானம் மிச்சமா கிடக்கிறது?

அடுத்து வந்தவன் முத்துராஜ். ராமநாதபுரத்துக்காரன், கார்ப்பென்டர், கேம்ப்பில் இருப்பவன். கூட்டாளி ஒருவன் கூப்பிட்டுச் சபைக்கு வரத் தொடங்கியிருந்தான். சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போடுகிறவன். ஆப்பிள் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, வெட்கத்தோடு சொன்னான்:

"உங்க சாட்சியக் கேட்டதுலேருந்து எனக்கும் ஒரு தைரியம்ணே. இந்த வெள்ளிக்கிழமையோட ஊசிய விட்டுறலாம்னு இருக்கேன்."

எட்வின் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். வேண்டாம் என்று சொல்லப் பார்க்கிறார், 'வே... வே...' என்பதற்கு மேல் வரவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது. என் நாக்கு நுனியில் அந்த வார்த்தை நிற்கிறது, நான் கொடுக்கவில்லை. கடைசியில், "வேண்டாம்டா தம்பி" என்று முழுசாக வந்தது. ஆஸ்பத்திரியில் அவர் நடுவில் நிற்காமல் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அது. மாத்திரையை நிறுத்தியதால்தான் இந்த நிலை என்று தெரியாத முத்துராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. நோயாளி ஏதோ உளறுகிறார் என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனான்.

அந்த வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் ஆன கையோடு சபைக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மேடைக்கு நடந்தார். பொன்ராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். மைக்கைக் கொடுத்துவிட்டார்.

"நான்... மாத்திரைய... நிறுத்தினேன். அது விசுவாசம் இல்ல. பெருமை. ஆண்டவர... நான் சோதிச்சேன். அவரு என்னைக் கைவிடல. இப்ப மாத்திரை... சாப்பிடுதேன். ஊசி போடுறவங்க... போடுங்க. ஜெபிச்சிட்டுப் போடுங்க."

இதைச் சொல்ல ஒரு பிரசங்கத்துக்கு உண்டான நேரம் ஆனது. எங்கள் மணி எப்போதோ முடிந்துவிட்டது. கதவருகே பிலிப்பினோக்கள் கிதாரை அணைத்துக்கொண்டு, பாஷை புரியாமலே நின்று கேட்டார்கள். அல்லேலூயா வரவில்லை. இவர் களைத்துப்போய் மைக்கை நெஞ்சோடு தாழ்த்திக்கொண்டார்.

அப்போது ஸ்பீக்கரில் டிக், டிக் என்று கேட்டது. மைக்கில் கோளாறு என்று பொன்ராஜ் அண்ணன் எழுந்தே விட்டார். உலோக வால்வு மூடுகிற சத்தம் அது. வீட்டில் நிசப்தமான நேரத்தில் மட்டும் எனக்குக் கேட்கும். என்னவென்று நான் சொன்னேன். அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒருவர் தாழ்ந்த குரலில் ஸ்தோத்திரம் என்றார். முத்துராஜ் பின்வரிசையில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம், ஊசி போட்டுக்கொண்டேன் அக்கா, அண்ணனிடம் சொல்லுங்கள் என்று போன் செய்தான்.

நல்ல உடம்பென்றால் சத்தமே காட்டாத உடம்பு என்று முன்பு நினைத்திருந்தேன். வருங்காலத்தைப் பற்றி நீள நீளமாக ஜெபிப்பேன்: வீடு, பிளெஸ்ஸியின் படிப்பு, அவள் கல்யாணம். இப்போது மிக்சியை நிறுத்தியதும் என் காது முதலில் அந்த டிக் டிக்கைத்தான் தேடுகிறது. கேட்டதும், "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு, அரைத்ததை வழித்துச் சட்டியில் போடுகிறேன்.