மச்சான் ஓட்டாத வண்டி

திருமலை ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, முன்னால் போகும் என் சொந்தக் காரின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி நான் எத்தனையோ தடவை மலை ஏறியிருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என் பிள்ளைகள் இரண்டு பேரும் கை ஆட்டுவார்கள். வளைவில் கார் மறையும். பஸ் திரும்பியதும் மறுபடி தெரியும். மறுபடி கை ஆட்டுவார்கள். முன்சீட்டில் என் மனைவி, ஸ்டீயரிங்கில் அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான். ஒரு தடவை பக்கத்து சீட்டுக்காரர், உங்கள் சொந்தக்காரர்களா என்று கேட்டார். குடும்பம் என்னுடையது, கார் என்னுடையது, ஓட்டுகிறவனும் என் ஆள் என்றேன். அப்புறம் ஏன் பஸ்ஸில் வருகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். மேலே பஸ் நின்றதும் மச்சான் ஒரு கையில் டீயோடு எனக்காகக் காத்திருப்பான். டீ சூடு ஆறாமலிருக்கும். என் பஸ் எத்தனை மணிக்கு வந்து நிற்கும் என்பது டிப்போக்காரர்களை விட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

நான் மூணாங்கிளாசோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நகரி பக்கத்துத் தமிழ் ஊரில் பிறந்து, சித்தூர் மாங்காய் மண்டியில் கூடை சுமந்து, அந்த மண்டிக்கே பழம் சப்ளை செய்து, இன்று மாம்பழக் கூழ் ஆலை வைத்திருக்கிறேன். சீசனில் என் ஆலை வாசலில் டிராக்டர்கள் நிற்கும் வரிசையைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாலே அது பெருமையாகத்தான் வந்து விழுகிறது, நான் என்ன செய்ய? காயை மூக்கருகில் கொண்டுபோனால் எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவேன். எந்தத் தோப்புக்காரர் எந்த விலைக்கு இறங்குவார் என்று அவர் துண்டை உதறுவதிலேயே தெரிந்துகொள்வேன். எனக்கு வராத வேலை ஒன்றே ஒன்றுதான். வண்டி ஓட்டுவது.

அதை நான் ஒப்புக்கொள்ள நேர்ந்த கதை இது. முதல் முதலாக ஒரு பழைய மினி லாரி வாங்கினேன். ஓட்டியவன் மச்சான். அவன் ஓட்டினால் லாரியில் இருக்கும் பழத்துக்குக்கூடத் தெரியாது, அவ்வளவு பதமாக ஓட்டுவான். ஒரு நாள் கங்காதர நெல்லூர்ப் பக்கத்துத் தோப்பில் முழு லோடு ஏற்றி முடித்ததும், வாங்கியவன் நான், ஓட்டினால் என்ன என்று தோன்றியது. மச்சானை இறக்கிவிட்டு நானே ஏறினேன். அரை கிலோமீட்டர் ராஜா மாதிரி போனேன். அப்புறம் சாலை ஒரு பக்கம் திரும்பியது, நான் திரும்பவில்லை. நாற்று நட்ட வயலில் லாரி படுத்துக்கொண்டது. சேற்றில் மாம்பழம் மிதந்தது. லோடு ஏற்றிய ஆட்கள் ஓடிவந்தார்கள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் மச்சான் சிரித்தான். "மாமா, உனுக்கு ஸ்டேரிங் வராது. வாய்தான் வரும்" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். வயல்காரரும் சிரித்தார்.

மறுநாள் விடியற்காலையில் காணிப்பாக்கம் போனேன். குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு பிள்ளையார் எதிரே நின்று, இனி என் மச்சான் ஓட்டுகிற வண்டியில் ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தேன். கோபம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஆனால் சத்தியம் நின்றுவிட்டது. காணிப்பாக்கத்துச் சத்தியத்தை மீற எங்கள் ஜில்லாவில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. அங்கே போய்க் குடியை விட்டவன் விட்டதுதான். வரப்புத் தகராறில் பொய் சொல்லிக்கொண்டிருப்பவன்கூட, காணிப்பாக்கம் வருகிறாயா என்று கேட்டால் உண்மையைக் கக்கிவிடுவான். அப்படிப்பட்ட சாமியிடம் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? நான் வாக்கு மாறாதவன் என்பதால்தான் எனக்கு வியாபாரமே நடந்தது.

மச்சானை விடவும் மனசில்லை. அவனைப் போல ஓட்ட இன்னொருவன் பிறக்கவேண்டும். அதனால் அவன் என் வண்டிகளை ஓட்டினான், நான் பஸ்ஸில் போனேன். ஆட்டோவில் போனேன், கண்டவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் போனேன். இருபத்திரண்டு வருஷம். என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வாசலில் கார் வந்து நின்றதும் மாலையோடு ஓடிவந்தார்கள்; அதிலிருந்து பாத்திரங்கள்தான் இறங்கின. நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தேன். மச்சானும் சும்மா இல்லை. அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் அவன் உட்காரவே மாட்டான். ஒரு தடவை வேலூர் பஸ்ஸில் ஏறி, டிரைவர் கியர் போடுகிற சத்தம் பொறுக்காமல் பாதி வழியில் இறங்கிவிட்டான். ஆக நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆலையில் வேலை செய்தோம், ஒரே பந்தியில் சாப்பிட்டோம், ஒரே வண்டியில் மட்டும் போனதில்லை.

போன சீசன் நன்றாக ஓடியது. பெங்களூரில் இருக்கும் என் மகன் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவான். நைனா, இனி இந்தப் பழைய காரை விட்டுவிட்டுப் பெரிய எஸ்.யூ.வி. ஒன்று வாங்கு என்று தினமும் போனில் படம் அனுப்பினான். எனக்கும் ஆசைதான், மறைப்பானேன்? ஆனால் யோசனையும் இருந்தது. தோப்புக்குப் பெரிய காரில் போய் இறங்கினால் விலை ஏறிவிடும். நான் எப்போதும் ஆட்டோவைக் கூட ஒரு பர்லாங்கு தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் போவேன். என் மனைவி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "அம்மாம் பெரிய வண்டி வாங்கி நீ இன்னா பண்ணப்போற? அது முன்னால போவும், நீ பஸ்ஸுல பின்னால போவப்போற" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாயை மூட வைத்தவர்கள் ரொம்பக் குறைவு. வேறு டிரைவர் வைக்கலாம் என்று வெளியாள் சொல்லுவார். மச்சானுக்கு அறுபது வயது. அவன் கையிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்குவதற்குப் பதில், நான் காலம் பூராவும் பஸ்ஸிலேயே போவேன்.

ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை திருப்பதி ஷோரூமுக்குக் கிளம்பினோம். மனைவியும், லீவில் வந்திருந்த மருமகளும் மச்சானோடு பழைய காரில். நான் வழக்கம்போல பஸ்ஸில். மருமகள் திருப்பதியில் பிறந்து வளர்ந்த தெலுங்குப் பெண், எங்கள் வீட்டுக்கு வந்து தமிழ் கற்றுக்கொண்டவள். பெங்களூரில் தினமும் கார் ஓட்டி ஆபீஸ் போகிறவள். ஷோரூமில் வண்டி நின்ற நிற்பைப் பார்த்ததும் எனக்கு என் ஆலையைத் திறந்துவைத்த அன்றைய ஞாபகம் வந்தது. கறுப்பாக, யானைக்குட்டி மாதிரி நின்றது. கூரை திறந்தது, சீட்டு குளிர்ந்தது, முதுகைப் பிடித்துவிட்டது. பின்னால் ராஜாவுக்கும் மந்திரிக்கும் போட்டதுபோல இரண்டு தனித்தனி நாற்காலி, நடுவே கை வைத்துக்கொள்ளப் பலகை. இதுதான் இருப்பதிலேயே மேல் மாடல் என்றார் ஷோரூம்காரர். வேறு எதை நான் வாங்கப்போகிறேன்?

மச்சான் இதில் எதையும் பார்க்கவில்லை. குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தான். டயரை விரலால் சுண்டினான். பானட்டைத் திறக்கச் சொல்லி ரொம்ப நேரம் கைகட்டி நின்றான், கர்ப்பக்கிருகத்தின் முன்னால் நிற்பதுபோல. ஷோரூம்காரர் சாவியை அவன் கையில் வைத்து, ஓட்டிப் பாருங்கள், இன்றைக்கு ஒரே ஒரு ரவுண்டுதான், அடுத்த பார்ட்டி காத்திருக்கிறது என்றார். மச்சான் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் அவன் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. நீங்களும் ஏறுங்கள் சார் என்று என்னிடம் சொன்னார். நான் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. பணம் கொடுக்கிறவர் உட்கார்ந்து பார்க்காமல் எப்படி என்றார். என் மனைவி கூரையைப் பார்த்தாள்.

மருமகள்தான் பேசினாள். இந்தக் கதையை அவள் சிரிப்புக்காகத்தான் கேட்டிருக்கிறாள், முழுசாகக் கேட்டதில்லை. "மாமய்யா, காணிப்பாக்கத்துல நீங்க சரியா இன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள். மச்சான் ஓட்டுற வண்டியில் ஏறமாட்டேன் என்று சொன்னேன் என்றேன். "அப்ப நான் ஓட்டுனா?"

இருபத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் முடியாது. எங்களுக்கு மச்சான் வேறு, ஸ்டீயரிங் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அவன் இருக்கும் இடத்தில் இன்னொருவர் ஓட்டுவதாவது! நான் அவனைப் பார்க்கத் துணியவில்லை. இப்படி ஒரு வண்டியைத் தொட அவன் ஆயுசு பூரா காத்திருந்தவன்; கிடைத்ததோ ஒரே ரவுண்டு. நீயே ஓட்டுடா என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவன் சாவியை இரண்டு தடவை உள்ளங்கையில் தூக்கிப் போட்டுப் பிடித்து, மருமகளிடம் நீட்டினான். "மெதுவா போம்மா. பின்னால மாமா உக்காருவாரு" என்றான். அப்புறம் பின்கதவைத் திறந்து தானும் ஏறி உட்கார்ந்தான்.

சந்திரகிரி சாலையில் போனோம். முன்னால் ஷோரூம்காரர் ஒவ்வொரு பொத்தானாக விளக்கிக்கொண்டு வந்தார். நான் ஒன்றையும் கேட்கவில்லை. பக்கத்தில் மச்சான் இருக்கிற அதிசயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. எதிரே லாரி வந்தால் அழுத்தினான், மாடு குறுக்கே வந்தால் இன்னும் பலமாக அழுத்தினான். திரும்பி வந்து இறங்கியதும் ஷோரூம்காரர் அவனிடம், வண்டி எப்படி சார் என்று கேட்டார். "பிரேக் நல்லா புடிக்குது" என்றான் மச்சான். நீங்கள் உட்கார்ந்த இடத்தில் பிரேக்கே இல்லையே சார் என்றார் அவர். என் மனைவி காபியைப் புடவையில் கொட்டிக்கொண்டு சிரித்தாள். வயலில் அன்று அத்தனை பேர் சிரித்தபோது எரிந்த என் வயிறு, இப்போது நானே சிரித்து வலித்தது.

மேல் மாடலையே எடுத்துக்கொள்கிறேன் என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வெளியே வந்து, பழக்கதோஷத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். "மாமா, எங்க போற?" என்றான் மச்சான். பழைய காரின் சாவியும் மருமகள் கைக்குப் போயிருந்தது. என் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் ஏறினோம். எங்கள் பழைய காரின் பின்பக்கத்தை வெளியிலிருந்தே பார்த்தவன் நான். உள்ளே சீட்டுத் துணியில் என் பிள்ளைகள் சின்ன வயதில் பேனாவால் கிறுக்கியது அன்றுதான் தெரிந்தது. முழங்காலோடு முழங்கால் இடித்தது. சந்திரகிரி வரைக்கும் அவன் கால் தரையை அழுத்தியது. தாமலச்செருவு மண்டி தாண்டும்போது அழுத்துவது நின்றது. என்ன என்று திரும்பிப் பார்த்தேன். நாற்பது வருஷம் சாலையில் ஒரு கண்ணிமை மூடாத மனுஷன், வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தான். அடுத்த மேட்டில் தலை சாய்ந்து என் தோளில் விழுந்தது.

கொஞ்ச தூரம் போனதும் இடது கையால் மெல்ல போனை எடுத்து ஷோரூம்காரரைக் கூப்பிட்டேன். அந்தத் தனித்தனி நாற்காலி எனக்கு வேண்டாம், நடுவில் பலகை இல்லாமல் பின்னால் ஒரே நீளமாக சீட்டுப் போட்ட வண்டி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது சார், ஆனால் அது கீழ் மாடல் ஆயிற்றே, உங்களைப் போன்ற பெரிய ஆட்கள் அதை எடுக்கமாட்டார்களே என்றார். என் வாழ்க்கையில் யாரிடமும் நான் கீழ் மாடல் கேட்டதில்லை. அதையே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சரியாகக் காதில் விழவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். சத்தமாகப் பேச இப்போது முடியாது என்று சொல்லி, போனை மடியில் வைத்துவிட்டு, சித்தூர் வரைக்கும் தோளை அசைக்காமல் வந்தேன்.