அக்காவிடம் சொன்ன அளவு

அந்த இன்லண்டு கடிதம் இரண்டு நாட்கள் என் ஆய்வகக் கோட்டுப் பையிலேயே கிடந்தது. அக்காவுக்கு எழுதத் தெரியாது. பாபநாசத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் எழுதிக் கொடுத்திருந்தார். "வியாழக்கிழமை வாய்தா. அப்பா காலத்துலேர்ந்து நாமதான் குத்தகைக்கு உழுவுறோம்னு படிச்சவன் நீ வந்து சொன்னா அதிகாரி கேப்பாரு. எப்படியும் வந்துடு தம்பி." கடைசி வரியை மட்டும் பாய் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்.

ஆட்சி மாறி, குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்த காலம் அது. நாங்கள் உழுத மூன்று மா நிலத்தை யாருக்கும் குத்தகைக்கு விடவில்லை, கூலிக்குத்தான் ஆள் வைத்திருந்தேன் என்று மிராசுதார் தாலுகா அலுவலகத்தில் சொல்லிவிட்டார். அப்பா அப்போது உயிரோடு இல்லை. கல்யாணமாகி மூன்றே வருடத்தில் கணவனை இழந்து திரும்பிய அக்காதான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நடந்தாள். அவள் நட்டு அறுத்ததில்தான் நான் படித்தேன்.

நானோ மேற்குக் கடற்கரையின் ராக்கெட் தளம் ஒன்றில், எலுமிச்சம்பழம் அளவுள்ள ஓர் உலோக உருண்டையோடு இருந்தேன். நமக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் ஒரு பகுதி வெயிலால் உடைந்து மின்னூட்டம் பெற்றுக் கிடக்கிறது. அயனிமண்டலம் என்போம். ராக்கெட்டிலிருந்து நீளும் கம்பியின் நுனியில் அந்த உருண்டை இருக்கும். அதற்குத் தரும் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால், சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் வந்து விழுவதால் உண்டாகும் மின்னோட்டமும் ஏறி இறங்கும். அவை எவ்வளவு நெருக்கம், எவ்வளவு சூடு என்பதை அதிலிருந்து கண்டுகொள்ளலாம். ஆனால் வெறும் விரல் பட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பசை ஒட்டி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதனால் உருண்டையைத் துடைக்கும் வேலையை நான் யாரிடமும் விடவில்லை. ஏவும் நாள் வெள்ளிக்கிழமை. மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்டிருக்கலாம், கொடுத்தும் இருப்பார். கேட்கவில்லை. 'வர இயலவில்லை' என்று தந்தி அடித்தேன்.

ராக்கெட் நன்றாகத்தான் போனது. ஆனால் அது அனுப்பிய அளவுகளைத் தரையில் வரைந்த தாளில், மின்னழுத்தம் ஏறும்போது ஒரு கோடும் இறங்கும்போது வேறொரு கோடும் விழுந்திருந்தன. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். உருண்டையில் பசை இருந்திருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது பொய்ச் சூடு. எவர் விரல் பட்டதோ, என்னுடையதாகவும் இருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனேன். மனு தள்ளுபடி ஆகியிருந்தது. அக்கா அதே வயலில், அடுத்தவருக்காகக் கூலிக்கு நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்ற என்னைப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். திட்டுவாள் என்றுதான் நின்றேன்.

"ஒல்லியாப் போயிட்டியேடா. லீவுல வந்தப்ப சொன்னியே, அந்த உருண்ட, அது சரியா அளந்துச்சா?"

"அளந்துச்சுக்கா."

"அப்ப சரி" என்று குனிந்து அடுத்த நாற்று முடியை அவிழ்த்தாள்.

அதன்பின் எத்தனையோ உருண்டைகள் செய்தேன். தங்கம் பூசினோம், சூடேற்றிப் பசை போக்கினோம். ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்வதற்குள் தலை நரைத்துவிட்டது. விருதுக் கூட்டங்களில் கைதட்டுகிறவர்கள் நடுவே உட்கார்ந்திருக்கையில் எப்போது அறைக்குப் போய்ப் படுக்கலாம் என்றே இருக்கும். ஓய்வு பெறும் வருடத்தில், வெளிநாட்டு விண்கலம் ஒன்றில் நாங்கள் செய்த கருவி வேறொரு கிரகத்தைச் சுற்றியது. அங்கிருந்து வந்த இரண்டு கோடுகளும் ஒன்றாகப் படிந்திருந்தன.

அக்கா அப்போது படுக்கையில் இருந்தாள். அவள் காதருகே குனிந்து, "இந்தத் தடவ சரியா அளந்துருச்சுக்கா" என்றேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"அதான் அன்னைக்கே அளந்துருச்சேடா. நாந்தான் ஊரு பூரா சொன்னேனே."

"ஆமாக்கா" என்றேன்.