என் மருமகன் திறக்காத கதவு

என் மருமகன் ஓடிப்போய்விட்டார் என்று சொல்வதை இந்தத் தெரு முதலில் நிறுத்தட்டும். ஓடிப்போகிறவர் பட்டப்பகலில், தெருவே பார்க்க, இஸ்திரி போட்ட சட்டையோடு போவாரா? மளிகைக் கடைக்காரர் மனைவி நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறாள். "கூட்டாளியை வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கிட்ட ஆளு, இப்பப் பொண்டாட்டி புள்ளையையும் விட்டுட்டு ஓடிட்டாரு" என்றாளாம், சோப்பு வாங்கப் போன என் மகள் காதுபடவே. மகள் சோப்பு வாங்காமலே திரும்பி வந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"ஏம்மா, நீ கண்ணால பாத்தியா?"

"ஊரே பேசுது பாட்டி."

"ஊரு பேசினா, ஊரு பாத்துச்சா? நடந்தது என்னன்னு என்னைக் கேளு. உக்காந்து கேளு."

அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

என் மருமகன் டைல்ஸ் ஒட்டுகிறவர். பேச்சு குறைவு, காது கூர்மை. ஒட்டிய கல்லை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். டொக், டொக், கொஞ்சம் விட்டு இன்னொரு டொக். அடியில் சிமெண்ட் பிடிக்காமல் காற்று நின்றால் சத்தம் மாறிப்போகுமாம். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், உட்காருவதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்த்தார். "அக்கா, உன் மாப்பிள்ளைக்குப் பொண்ணைப் பிடிச்சிருச்சு, சுவரைத்தான் பிடிக்கல" என்று என் தம்பி கேலி செய்தான்.

வெளிநாட்டுக்கு அவரோடு போனவன் அடுத்த தெருக்காரன். கையும் காலும் நீளம் என்பதால் ஒட்டடைக்குச்சி என்று பேர். பெற்றவளே அப்படித்தான் கூப்பிடுவாள். அவனுக்கும் டைல்ஸ் வேலைதான். மூன்றாவது மாடியில் இருவருக்கும் ஒரே அறை. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், மூலையில் அடுப்பு. ஒருவர் சமைத்தால் மற்றவர் பாத்திரம் கழுவுவார். கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி இருக்கமாட்டார்கள்.

அந்த நாட்டில் ஆட்சிக்கு எதிராகக் கலவரம் வந்தது. கடைகள் எரிந்தன, வேலை நின்றது. பிழைக்க வந்தவர்களால்தான் எல்லாம் கெட்டது என்று ஒரு கூட்டம் தடியோடு மாடி மாடியாக ஏற ஆரம்பித்தது. பக்கத்துக் கட்டடத்தில் ஒருத்தனைப் பிடித்து, அவன் வாயாலேயே கூட்டாளிகளைக் கூப்பிட வைத்து, நம்பிக் கதவைத் திறந்தவர்களையெல்லாம் இழுத்துப்போனார்கள். மேஸ்திரி போனில் சொன்னாராம்: "விமானத்துல இடம் கெடைக்கிற வரைக்கும் ஜன்னல் பக்கம் நிக்காதீங்க. படம் எடுக்காதீங்க. எவன் தட்டினாலும் திறக்காதீங்க."

ஆனால் தண்ணீர் வேண்டுமே. குழாய் கீழே இருந்தது. ஆள் மாற்றி ஆள் கேனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்போதுதான் ஒட்டடைக்குச்சி ஒரு யோசனை சொன்னான்.

"அண்ணே, கல்லு தட்டுற மாதிரி தட்டினாத்தான் நான். வேற மாதிரி தட்டினா, நானே கத்திக் கூப்பிட்டாலும் திறக்காதீங்க. கழுத்துல கத்தி வச்சுக் கூப்பிடச் சொல்லியிருப்பாங்க."

"உன் கழுத்துல கத்தி வைக்கணும்னா ஏணி போடணும்டா" என்றாராம் இவர். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள்.

ஒரு மத்தியானம் அவன் தண்ணீருக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் கதவு அதிர்ந்தது. முட்டியால் இல்லை, உள்ளங்கையால், படபடவென்று. "அண்ணே, திறங்க! அண்ணே!" அவன் குரல்தான். இவர் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். கல்லு தட்டுகிற சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டு நின்றார். வரவில்லை. பிறகு படியில் நிறையக் காலடிச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

வெகுநேரம் கழித்துத் திறந்தபோது தண்ணீர்க் கேன் மட்டும் வாசலில் இருந்தது. மூடிகூடக் கழலவில்லை.

விமானத்தில் இடம் கிடைத்து அவர் மட்டும் ஊர் வந்து சேர்ந்த அன்றே ஒட்டடைக்குச்சியின் மனைவி வந்துவிட்டாள். அழவில்லை. சுவரோரமாக நின்றாள்.

"அண்ணே, அது அவரு குரல்தானா?"

சந்தேகமாக இருந்தது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவரை யார் கேட்கப்போகிறார்கள்? "அவன் குரல்தாம்மா" என்றார்.

"பயந்து கூப்பிட்ட மாதிரி இருந்துச்சா?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள். இந்தத் தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததுதான். மறைத்திருந்தால் எவருக்குத் தெரியும்?

அதற்கப்புறம் அவர் வேலைக்குப் போனார். கல்லை ஒட்டுவார், தட்டக் கை ஓங்குவார், கை அந்தரத்திலேயே நிற்கும். இரண்டு வீட்டில் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். என்னிடம் ஒன்றையே கேட்பார்: "அத்தை, அவன் ஏன் சொன்ன மாதிரி தட்டல?"

"அவனைப் பிடிச்சு வச்சிருந்தாங்க மாப்பிள்ளை. திறந்திருந்தா நீங்களும் போயிருப்பீங்க."

"தனியா ஓடி வந்திருந்தா?"

துரத்துகிறவர்களுக்கு முன்னால் ஓடி வருகிறவன், நிதானமாக இடைவெளி விட்டா தட்டுவான்? எனக்கும் அது தோன்றாமல் இல்லை. சாப்பிடுங்க மாப்பிள்ளை என்று தட்டை நகர்த்தினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே அவனைத் தேடி விசாரித்தவர்கள், ஆஸ்பத்திரியிலும் இல்லை, சிறையிலும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அதற்கு மேல் விசாரிக்க நாதி இல்லை. விமானம் மறுபடி ஓடத் தொடங்கியதும், பழைய கம்பெனி ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டு மருமகன் சரி என்று சொல்லிவிட்டார். கலவரம் இன்னும் அடங்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். மகள் காலைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"மாப்பிள்ளை, இங்க ரெண்டு உயிர் உங்களை நம்பி இருக்கு" என்றேன்.

"அவனும் என்னை நம்பித்தான் அத்தை வந்தான்."

கிளம்பின அன்று பையை அவரே கட்டினார். ஒட்டடைக்குச்சியின் போட்டோவைச் சட்டைப்பைக்குள் வைத்தார். தூங்குகிற குழந்தையைத் தூக்கவில்லை, தலையை மட்டும் தொட்டார். என் மகள் வெளியே வரவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் திரைச்சீலை விலகியது. தெருமுனையில் ஒட்டடைக்குச்சியின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். போய்த் தேடச்சொன்னதும் அவள் இல்லை, வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

நான் வாசல்வரை போய், கூட்டம் கண்ட பக்கம் போகாதீங்க, ராத்திரி வெளியே இறங்காதீங்க, தெரியாதவங்ககிட்ட எதையும் பேசாதீங்க என்று அடுக்கிக்கொண்டே போனேன். அத்தனையையும் போன தடவையே அவர் ஒன்று விடாமல் கடைப்பிடித்தவர். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.