முப்பது ஷாட்டுக்குக் கீழே

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான், தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிறேன். டாக்டர் "ஷாட்" என்றால் எக்ஸ்ரே மெஷினின் பொத்தானை அமுக்க வேண்டும். கதிர் படாமலிருக்கப் போடுகிற ஈயக் கோட்டு தோளை அறுக்கும்.

போன வருஷம் டாக்டர் ஒரு புது முறை கற்றுக்கொண்டு வந்தார். கால் கட்டைவிரல் கோணி, அதன் வேரில் எலும்பு புடைத்தவர்களுக்கு, காலை நீளமாகக் கிழிக்காமல் சின்ன ஓட்டை வழியாகவே எலும்பை அறுத்து நகர்த்தி ஸ்க்ரூ போடுவது. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது, படத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். முதல் கேஸில், ஸ்க்ரூவுக்கு வழிகாட்ட முதலில் செலுத்துகிற கம்பி திரும்பத் திரும்ப இடம் மாறிப் போனது. நூற்றுப் பன்னிரண்டு ஷாட். என் அம்மாவுக்கும் அதே கால் என்பதால் எண்ணினேன்.

அம்மா சேலையூரில் ஒரு ஸ்கூலில் பெருக்கினாள். செருப்பின் ஓரத்தை பிளேடால் வெட்டி, புடைப்பை வெளியே விட்டு நடப்பாள். அவளுக்கும் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்தான், அவருக்குக் கை பழகி ஷாட் முப்பதுக்குக் கீழே வரட்டும் என்றேன்.

கேஸ் இருக்கிற நாளில் வீட்டுக்குள் நுழைந்ததுமே கேட்பாள்.

"இன்னாடி, உன் டாக்டரு இன்னிக்கு எத்தினி?"

"எழுவது."

"இன்னும் தேறல அந்தாளு. என் காலு எங்கியும் ஓடிறாது, வுடு."

நாற்பத்தைந்து வந்தது. முப்பத்திரண்டு வந்தது. "இன்னும் ஒரே ஒரு கேஸ் பாத்துக்கலாம்மா" என்றேன். "சரிடி" என்று வெந்நீரில் காலை வைத்துக்கொண்டாள். அந்த வாரமே ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

கிடத்திய பிறகு, வழக்கப்படி இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டப் பார்த்தார்கள். சேரவில்லை. புடைப்புகள் முட்டிக்கொண்டன, விரல்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தன. துணி நழுவியது.

"வெரலு கோணிக்கினு கீது. நல்லா இஸ்த்துக் கட்டணும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

"மெதுவாண்ணா, அம்மாவுக்கு வலிக்கும்."

அவர் மெதுவாகத்தான் கட்டினார்.

காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்றும் கால் கேஸ்தான். சீக்கிரமே முடிந்துவிட்டது. இருபத்தாறு. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இப்பதாம்மா எனக்கே கை படிஞ்சிருக்கு. உங்கம்மாவ ஒரு நாள் கூட்டிட்டு வாயேன்."

நான் லீவு சொன்னது நர்ஸக்காவிடம். டாக்டருக்கு விஷயம் தெரியாது.

"சரி சார்" என்றேன். அடுத்த முறை கேட்டால் சொல்லிவிட வேண்டும்.